கண்டி: மலைச் சட்டிக்குள் ஒரு தலைநகர் (வாசகர் கேள்வி – பதில்)

இலங்கையின் மலைத் தலைநகரான கண்டியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம். நுழைவுக் கட்டணம், ரயில் கட்டணம் போன்றவை அடிக்கடி மாறுவதால் அவற்றை விட்டுவிட்டோம்.

கண்டி எதற்குத் தலைநகர்? இலங்கையின் தலைநகர் கொழும்பா, கோட்டையா என்பதிலேயே எனக்குக் குழப்பம். – திருச்சி வாசகர்

குழப்பத்துக்குக் காரணம் தமிழ் எழுத்துதான். நாடாளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை ஓர் ஊர். கொழும்பின் பெரிய ரயில் நிலையம் இருக்கும் கோட்டை இன்னோர் இடம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர்கள். தமிழில் இரண்டையும் ‘கோட்டை’ என்றே எழுதுகிறோம். சட்டப்படி தலைநகர் முதலாவது. வணிகமும் பெரும்பாலான அலுவலகங்களும் கொழும்பில்.

கண்டி மத்திய மாகாணத்தின் தலைநகர். இலங்கையின் 9 மாகாணங்களில் இது ஒன்று. கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று 3 மாவட்டங்கள் இதில் அடங்கும். 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தால் மாகாண சபைகள் வந்தன. மத்திய மாகாண சபைக்கு 58 இடங்கள். அதன் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாததால் ஆளுநரும் செயலாளர்களுமே நிர்வாகத்தை நடத்துகிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த சபை இல்லாமல் ஒரு மாகாணம் இத்தனை ஆண்டுகள் ஓடுவது பெரிய குறை. நுவரெலியாத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசிரியர் வேண்டுமென்றால்கூட, கேட்டுப் பேச ஓர் உறுப்பினர் இல்லை.

வேலையாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாகாண அலுவலகங்கள் பல நகருக்குள் இல்லை. மகாவலி ஆற்றைத் தாண்டிக் கிழக்கே பல்லேகலையில் இருக்கின்றன. ‘கச்சேரி’ என்று ஊரார் சொல்லும் மாவட்டச் செயலகம் மத்திய அரசைச் சேர்ந்தது, நகருக்குள் இருக்கிறது. குப்பை, வீட்டு வரி, நகர வீதி என்றால் 1865-இல் தொடங்கிய மாநகர சபை. மாகாணப் பாடசாலை என்றால் பல்லேகலை. தேசியப் பாடசாலை என்றால் கொழும்பு அமைச்சு. இதைத் தெரிந்துகொள்ளாமல் புறப்பட்டால், மதியத்துக்கு மேல் தவறான அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

ஊட்டி போலக் குளிருமா? ஸ்வெட்டர் எத்தனை எடுத்துவர வேண்டும்? – கோவை வாசகி

குளிராது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறக்குறைய 500 மீட்டர்தான். பகலில் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டி ஏறும், இரவில் 20-ஐ ஒட்டி இறங்கும். ஒரு மெல்லிய சால்வை போதும். நுவரெலியாவுக்கும் போவதாக இருந்தால் மட்டும் ஸ்வெட்டர் வையுங்கள். அது 1,868 மீட்டர், கண்டியிலிருந்து வீதி வழியே சுமார் 75 கி.மீ. கண்டிக்கு அவசியமானது குடை. அக்டோபரிலும் நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியுடன் கொட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம்.

கொழும்பிலிருந்து ரயிலில் போக ஆசை. எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? எப்படி முன்பதிவு செய்வது? – சென்னை வாசகர்

போகும்போது வலப்பக்கச் சன்னல். திரும்பும்போது இடப்பக்கம். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 20 கி.மீ. தூரத்தில் ரயில் 400 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. பள்ளத்தாக்கு, தனியாக நிற்கும் பத்தலேகல பாறை எல்லாம் அந்தப் பகுதியில் வலப்பக்கம் வரும். 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தபோது வெட்டிய தடம்தான் இன்றும் ஓடுகிறது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. அதற்கு முன் மாட்டுவண்டிகள்தான் மூட்டைகளை மலையிறக்கின.

பயண நாளுக்கு 30 நாள் முன்பு ஆசன முன்பதிவு திறக்கும். விடுமுறை வாரங்களில் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். முன்பதிவு கிடைக்காவிட்டால் அன்றைய இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டை நிலையத்திலேயே வாங்கலாம். ஆனால் உட்கார இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. கொழும்பு கோட்டையில் நடைமேடையைக் கேட்டுக்கொண்டு, அரை மணி முன்னால் நின்றால்தான் இடம் பிடிக்க முடியும். நகரிடை விரைவு ரயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் எடுக்கும்.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மலைநாட்டுப் பாதையின் கடைசி ஊரான பதுளைக்குப் போகும் ரயில்கள் எல்லாம் கண்டிக்குள் வருவதில்லை. பிரதானப் பாதை பேராதனைச் சந்தியிலேயே பிரிந்து கம்பளைப் பக்கம் போய்விடுகிறது; கண்டியும் மாத்தளையும் கிளைப் பாதையில் இருக்கின்றன. ஆகவே சீட்டு வாங்கும்போதே ‘கண்டிக்குள் போகுமா?’ என்று கேளுங்கள். போகாத ரயிலில் ஏறிவிட்டால் பேராதனைச் சந்தியில் இறங்கி, வெளியே வந்து பஸ் பிடிக்கலாம். தூரம் 6 கி.மீ. போல. கண்டிக்குள் வந்து பிறகு பதுளைக்குப் போகும் ரயிலோ வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். என்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டுவார்கள். அதுவரை முகம் பார்த்த திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பீர்கள், பயப்பட ஒன்றுமில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே திட்டம் போடுங்கள்.

சின்ன ஊர் என்கிறார்கள். பிறகு ஏன் அப்படியொரு வாகன நெரிசல்? – யாழ்ப்பாண வாசகர்

2012 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் வசித்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சம் பேர்தான். நெரிசலுக்குக் காரணம் அவர்கள் அல்லர். தினமும் உள்ளே வந்து போகிறவர்கள். மூன்று மாவட்டத்துக்கும் பெரிய மருத்துவமனை இங்கே, பெயர்பெற்ற பள்ளிக்கூடங்கள் இங்கே, நீதிமன்றம், சந்தை, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை எல்லாம் இங்கே.

அடிப்படைக் காரணம் நில அமைப்பு. கண்டியை ஓர் அகன்ற சட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே ஹந்தானை மலைத்தொடர், வடக்கே உடவத்தைக் காடு, மேற்கே பைரவ கந்தை. அதற்கும் வெளியே மகாவலி ஆறு மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இந்த ஊர் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது இந்த அமைப்பினால்தான். கணவாய்களை அடைத்துவிட்டால் படை உள்ளே வர வழியில்லை. அதே கணவாய்கள் வழியாகத்தான் இன்று எல்லா வாகனமும் வந்தாக வேண்டும். மேற்கே கெட்டம்பே, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னெக்கும்புர. எதிரியைத் தடுக்க ஏற்ற இடமாகப் பார்த்துப் பிடித்த ஊரில் வீதியை அகலப்படுத்த இடம் ஏது?

புகைக்கும் அதே கதைதான். காற்று அடிக்காத நாளில் வாகனப் புகை சட்டிக்குள் தேங்கி நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிய பகுதியில் அறை எடுக்க வேண்டாம். ஏரிக்குத் தெற்கே மேட்டில் எடுத்தால் மூச்சு விடச் சுலபமாக இருக்கும்.

பள்ளிக்கூடங்கள் காலை 7.30-க்குத் தொடங்கி மதியம் 1.30-க்கு விடும். 6.45 முதல் 7.45 வரையும், 1.15 முதல் 2.30 வரையும் நகருக்குள் வாகனம் ஓட்டாமல் இருந்தால் பாதித் தொல்லை குறையும். மாளிகைக்கு முன்னால் இருந்த வீதிப் பகுதி 1998 ஜனவரி 25 குண்டுவெடிப்புக்குப் பிறகு பொது வாகனங்களுக்கு மூடப்பட்டது. பழைய வரைபடத்தை நம்பி அந்த வழியாகப் போக முடியாது. குட்ஷெட் பஸ் நிலையப் பகுதியில் புதிய போக்குவரத்து முனையத்துக்கான வேலை நடப்பதால் தூர ஊர் பஸ்கள் நிற்கும் இடமும் மாறிவருகிறது. போகிற ஊரின் பெயரைச் சொல்லி, எங்கே ஏற வேண்டும் என்று அன்றைக்கே கேட்டுக்கொள்வது நல்லது.

எசல பெரஹராவைப் பார்க்க எந்தத் தேதியில் வர வேண்டும்? ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறுகிறதே. – மட்டக்களப்பு வாசகி

எசல பெரஹரா என்பது கண்டியின் யானை ஊர்வலத் திருவிழா. அதன் தேதி பிறைக் கணக்கு. நீங்களே கணக்கிட்டுவிடலாம். இலங்கை நாட்காட்டியில் நிக்கினி போயா (அந்த மாதத்துப் பௌர்ணமி) எந்த நாள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். அந்த இரவு, பெரிய ஊர்வலமான ரந்தோலி பெரஹராவின் கடைசி நாள். அதிலிருந்து பின்னோக்கி 5 இரவுகள் ரந்தோலி. அதற்கு முந்திய 5 இரவுகள் சிறிய ஊர்வலமான கும்பல் பெரஹரா. 2025-இல் நிக்கினி போயா ஆகஸ்ட் 8. ஆகவே ஆகஸ்ட் 4 முதல் 8 வரை ரந்தோலி, ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 3 வரை கும்பல். இதற்கும் முன்னால் அமாவாசைக்குப் பிறகு ‘கப்’ என்கிற மரக்கம்பத்தை நடும் சடங்கு. அதையடுத்து 5 நாட்கள் தேவாலயங்களின் வளாகத்துக்குள்ளேயே ஊர்வலம் நடக்கும்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் கும்பலின் மூன்றாம் அல்லது நான்காம் இரவில் வாருங்கள். யானைகளின் எண்ணிக்கையும் அலங்காரமும் குறைவுதான். ஆனால் நடைபாதையில் உட்கார இடம் கிடைக்கும். கடைசி ரந்தோலிக்கு நண்பகலிலேயே வீதியோரம் நிறைந்துவிடும். உட்கார்ந்துவிட்டால் ஊர்வலம் முடியும் வரை எழுந்து போக வழி இருக்காது. ஆகவே கழிப்பறைக்கு முன்னதாகவே போய்வந்துவிடுங்கள். தண்ணீர், ரொட்டி, மழைக்கோட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். பிற்பகலில் வீதிகள் மூடப்படும், பைகளைச் சோதிப்பார்கள்.

ஊர்வலத்தின் வரிசை தெரிந்தால் பார்ப்பது இரட்டிப்புச் சுகம். முதலில் சவுக்கடிப்பவர்கள், சவுக்கைச் சுழற்றி இழுக்கும்போது வெடிபோலச் சத்தம் வரும், ஊர்வலம் வருகிறது என்பதற்கு அறிவிப்பு அதுதான். பிறகு கொடிகள், மேளம், நடனம், யானைகள். தலதா மாளிகையின் பெரஹரா முன்னே போகும். அதில்தான் பெரிய கொம்பன் யானை பேழையைச் சுமந்து வரும், அதன் காலடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார்கள். அடுத்து நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காம தேவாலயம், கடைசியாகப் பத்தினி தேவாலயம். கதிர்காமத் தெய்வம் நமது முருகன். அந்தப் பகுதியில் காவடி ஆடி வருவார்கள். பத்தினி என்பது நாம் கும்பிடும் கண்ணகி. அந்தப் பகுதியில் பெண்கள் ஆடி வருவார்கள். ‘தேவாலயம்’ என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் மாதா கோயிலை நினைக்க வேண்டாம். இலங்கையில் அது தெய்வங்களுக்கான கோயில், சிங்களத்தில் தேவாலே.

ஊர்வலத்துக்கு வெளிச்சம் தீப்பந்தம். நீண்ட கம்பின் நுனியில் இரும்புக் கூடு. அதில் எரிவது காய்ந்த கொப்பரைத் துண்டுகள். எண்ணெய் கசிந்து, நெருப்பு மஞ்சளாக நிதானமாக எரியும். கூடு காலியாகிக்கொண்டே வரும்போது, கூடவே நடக்கும் ஒருவர் சாக்கிலிருந்து அள்ளிப் போடுவார். தணல் சில சமயம் தெறித்து விழும். முன்வரிசையில் உட்காருகிறவர்கள் நைலான் துணி உடுத்தி வர வேண்டாம்.

தெய்வங்களுக்கான விழாவாக இருந்த இதில், புத்தரின் புனிதப் பல்லுக்கு முதலிடம் கிடைத்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில். கடைசி இரவுக்கு மறுநாள் விடியலில் கெட்டம்பேயில் மகாவலி நீரை வாளால் வெட்டும் சடங்கும், அதன்பின் பகல் பெரஹராவும் நடக்கும். இரவில் இடம் கிடைக்காதவர்கள் பகல் பெரஹராவைத் தவறவிட வேண்டாம். கூட்டம் குறைவு, உடைகளின் வேலைப்பாடு நன்றாகத் தெரியும்.

தலதா மாளிகையில் பல்லைப் பார்க்க முடியுமா? – சேலம் வாசகர்

வழக்கமான நாட்களில் முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேழைகளுக்குள் இருக்கிறது. பூஜை நேரத்தில் மேல்மாடி அறையின் கதவு திறக்கும். வரிசையில் போகிறவர்கள் வெளிப்பேழையைச் சில வினாடிகள் பார்க்கலாம். வழக்கமான பூஜைகள் காலை 5.30, 9.30, மாலை 6.30. காலை 5.30-க்குக் கூட்டம் குறைவு, மனத்துக்கும் அமைதி. தோளும் முழங்காலும் மறைய வேண்டும். வேட்டி, புடவை நல்லது. செருப்பை வெளியே ஒப்படைக்க வேண்டும். தாமரை, அல்லி கொண்டுபோகலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அதை இங்கே பெரிய அவமதிப்பாகக் கருதுவார்கள்.

கண்டியின் கடைசி மன்னர் தமிழரா? – வேலூர் வாசகர்

உங்கள் ஊரில் அடங்கியவர் என்பதால் விரிவாகவே சொல்கிறோம். கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுப்பது வழக்கம். நரேந்திரசிங்கன் 1739-இல் வாரிசில்லாமல் இறந்ததும், அரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். அங்கே தொடங்கியது நாயக்கர் மரபு. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாகக் கண்ணுசாமி என்கிற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். குடும்பத்தின் வேர் தெலுங்கு. தமிழும் புழங்கிய அரண்மனை. ஆட்சி சிங்கள நாட்டில். புரந்த சமயம் பௌத்தம். சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை அழைத்து 1753-இல் துறவிகளுக்கு முழுத் துறவு அளிக்கும் உபசம்பதாச் சடங்கை மீண்டும் தொடங்கியவர் கீர்த்தி ஸ்ரீதான். ‘தமிழ் மன்னன்’ என்று ஒரே சொல்லில் அடக்குவதும், ‘அந்நியன்’ என்று தள்ளுவதும் இரண்டுமே வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

நகரின் நடுவே இருக்கும் ஏரி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வேலை. வயலாக இருந்த தாழ்நிலத்துக்கு அணை கட்டி 1807-இல் தொடங்கியது. மாளிகையின் முகப்பில் தெரியும் எண்கோண மண்டபமும் அவர் காலத்தது. கட்டட ஆசாரி தேவேந்திர மூலாச்சாரி. ஏரிக்கரையில் முக்கோண மாடங்களோடு அலை அலையாக ஓடும் வெள்ளைச் சுவருக்கு ‘முகில் சுவர்’ என்று பெயர். அதைக் கட்டி முடிப்பதற்குள் அரசு போய்விட்டது. 1815 பிப்ரவரி 18-இல் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2-இல் மாளிகை வளாகத்து மகுல் மடுவ என்கிற மரத்தூண் சபா மண்டபத்தில் பிரதானிகளும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது, உள்ளே நடக்கலாம். மன்னர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 ஜனவரி 30-இல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவருடையது. கண்டிக்குப் புறப்படுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கூட்டமில்லாத, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் எது? ஒரு நாள்தான் இருக்கிறது. – தஞ்சாவூர் வாசகி

எம்பக்கே, லங்காதிலக, கடலாதெனிய. நகருக்குத் தென்மேற்கே, ஒன்றுக்கொன்று சில கி.மீ. தூரத்தில் 14-ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் மூன்று. தஞ்சாவூர்க்காரரான உங்களுக்கு இவை அந்நியமாகவே தோன்றாது.

எம்பக்கேயில் தொடங்குங்கள், கண்டியிலிருந்து நேர் பஸ் உண்டு. கதிர்காமத் தெய்வத்துக்கான கோயில். முன்னால் இருக்கும் மேள மண்டபத்தின் மரத்தூண்களை நின்று பாருங்கள். ஒவ்வொரு தூணின் சதுர முகத்திலும் ஒரு செதுக்கல்: மல்லர் இருவர், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், கழுத்துப் பின்னிய அன்னங்கள், குதிரைவீரன். பிறகு தலையைத் தூக்கிக் கூரையின் கோடியைப் பாருங்கள். 26 கைமரங்கள் விசிறிபோலக் குவிந்து ஒரே புள்ளியில் சேரும். அவற்றைப் பிடித்து நிறுத்துவது ஒற்றை மரமுளை. ‘மடோல் குருபாவ’ என்பார்கள். ஆணி கிடையாது. பாரம் கீழே இறங்க இறங்கக் கைமரங்களின் தலைகள் முளையின் மேல் இன்னும் இறுகும். மழைக்கு மரம் ஊதி, வெயிலுக்குச் சுருங்கும் மலைநாட்டில் ஆணி அடித்திருந்தால் துளை தளர்ந்துபோகும். இந்தப் பிடிப்பில் மரம் அசைய இடம் இருக்கிறது.

அடுத்து லங்காதிலக. பாறை மேல் செங்கல்லில் எழுப்பியது, 1344. படிகள் பாறையில் வெட்டியவை, செங்குத்து. படியேறிய களைப்பில் பாறைச் சாசனத்தைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. கடைசியில் கடலாதெனிய, அதே 1344. இது பெரும்பாலும் கல். கட்டியவர் கணேஸ்வராசாரி என்கிற தென்னிந்தியச் சிற்பி. பௌத்த விகாரைதான், ஆனால் தூணும் தாங்குதளமும் நம் கோயில் வேலை. அங்கிருந்து பிலிமத்தலாவைக்கு வந்தால் கொழும்பு வீதி. கண்டி பஸ் அடிக்கடி வரும்.

காலை 8 மணிக்கே தொடங்க வேண்டும். 11-க்கு மேல் பாறை சுடும், வெறுங்காலில் நிற்க முடியாது. சன்னிதி பூட்டியிருந்தால் அவசரப்படாமல் காத்திருங்கள். சாவி வைத்திருப்பவர் அருகிலேயே இருப்பார், கேட்டால் அழைத்துவருவார்கள். மூன்று கோயிலுக்கும் இடையே நடக்கலாம், வயல் ஓரமும் மேடும் கலந்த வழி. நடக்க முடியாதவர்கள் எம்பக்கேயில் ஒரு த்ரீவீலரைப் பேசிக்கொண்டு, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்னதாகவே தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா ‘கண்டியில்’ பிறந்தவர், 1970-களில் குடும்பம் நீலகிரிக்கு வந்தது. அவர் பிறப்புப் பதிவை எப்படித் தேடுவது? – கோத்தகிரி வாசகர்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘கண்டி’, ‘கண்டிச்சீமை’ என்றால் கண்டி நகரம் அல்ல. மலைநாட்டுத் தோட்டப்பகுதி முழுவதும். தாத்தா ஹட்டனிலோ பதுளையிலோ பிறந்திருக்கலாம். பதுளை வேறு மாகாணம். இதைக் கவனிக்காமல் கண்டி அலுவலகத்துக்கு எழுதினால் ‘பதிவு இல்லை’ என்றே பதில் வரும்.

வீட்டிலுள்ள காகிதங்களைத் தேடுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி வந்தவர்களிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருந்திருக்கும். அவற்றில் தோட்டத்தின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்: பதிவேட்டில் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர், லயத்தில் (வரிசை வீடுகளில்) தொழிலாளர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர். பாட்டிக்குத் தெரிந்தது இரண்டாவதாக இருக்கும். அதைச் சொல்லிப் பக்கத்து ஊர், ரயில் நிலையம், தபாலகம் எது என்று கேட்டால் ஆங்கிலப் பெயரைப் பிடித்துவிடலாம்.

அதன்பின், பிறப்பு பதிவான பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் சான்றிதழின் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எண் தெரியாவிட்டால் உத்தேச ஆண்டுகளைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடாதீர்கள். ஆங்கில எழுத்தில் பதிந்தவருக்கு நம் பெயர் பழக்கமில்லை. ‘கருப்பையா’ கே-யிலும் இருக்கும் சி-யிலும் இருக்கும். தகப்பன் பெயரோடு ‘கங்காணி’ (மேற்பார்வையாளர்) ஒட்டியிருக்கலாம். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்திருந்தால் பெயர்க்கட்டம் வெறுமையாகவும் இருக்கும். அப்போது தாய் தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கண்டியில் இந்தியத் துணைத் தூதரகம் ஒன்றும் இருக்கிறது. இந்தியக் காகிதங்கள் தொடர்பான கேள்வியை அங்கே அனுப்பலாம்.

தோட்டம் கண்டி மாவட்டத்தில்தான் என்று தெரிந்தால் ஒருமுறை நேரில் போய்வாருங்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் இந்த மாவட்டத்தில்தான். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய உருட்டும் இயந்திரங்கள், வறட்டும் இயந்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்து, வழியிலேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் உயிர்விட்டவர்களை நினைத்துக்கொண்டு அவற்றைப் பாருங்கள்.

கண்டிக்குப் பக்கத்தில் சரிவான நிலம் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? – கொழும்பு வாசகர்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த நிலம் எந்த வகையில் இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மலை மாவட்டங்களில் வீடு கட்ட அந்த நிறுவனத்தின் பரிந்துரையும் வேண்டும். அது கிடைக்காத நிலம் மலிவாக வருவதில் வியப்பில்லை.

நிலத்தை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மேட்டில் பிறைவடிவ வெடிப்பு, முன்பு இல்லாத ஊற்று, கலங்கி வரும் கிணற்றுநீர், திடீரென்று இறுகும் கதவு, பக்கத்து வீட்டுச் சுவரில் மூலைவாட்டில் பிளவு – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விட்டுவிடுங்கள். மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டி மனை சமன் செய்திருந்தால் இன்னும் மோசம்; வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி அதன்மேல் வீடு கட்டுவதுதான் மலைநாட்டில் அடிக்கடி நடக்கும் பிழை. கூரைநீரையும் கழிவுநீரையும் சரிவில் விடாமல், குழாய் வைத்து ஓடை வரை கொண்டுபோக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே சரிவில் குடியிருப்பவர்கள், நேர்ச்சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து மழையை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் துணிமணி, காகிதங்களைக் கட்டி வையுங்கள். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும், இரவாக இருந்தாலும். அனர்த்த (பேரிடர்) முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.